பைண்டிங் போட்ட புத்தகத்தில் தாள் சேர்ப்பதற்கு முன்

"நாலு பக்கம் விட்டுப்போச்சு, நடுவுல சொருகித் தர முடியுமாண்ணே?" ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதங்களில் பைண்டிங் கடைக்காரர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி. முடியும். ஆனால் கடைக்கு வருவதற்குள் பலர் வீட்டிலேயே ஒரு வேலை செய்துவிடுகிறார்கள். புதுத் தாளில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் விளிம்பு வரை கத்தரியால் வெட்டி, வளையத்துக்குள் அழுத்திவிடுவது. துளைக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று, நாலு மில்லிமீட்டர் காகிதம்தான் தாளையே பிடித்து வைக்கிறது. அதை வெட்டிவிட்டால் நாலு தடவை புரட்டுவதற்குள் தாள் கையோடு வந்துவிடும்.

இன்னொன்று, ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் துளை போடுவது. அது போடும் துளை சுமார் 6 மில்லிமீட்டர். ஸ்பைரலில், அதாவது பிளாஸ்டிக் சுருள் பைண்டிங்கில், ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கே பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் இதைப் போட்டால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பே கழன்றுவிடும். மெஷினுக்கு மெஷின் இந்த இடைவெளி மாறும் என்பதால், முதலில் பைண்டிங் போட்ட கடைக்கே போவது நல்லது. சேர்க்கும் பக்கத்தில் துளை விழும் ஓரமாக ஒன்றரை சென்டிமீட்டராவது வெற்றிடம் விட்டு பிரிண்ட் எடுங்கள். இல்லையென்றால் துளை எழுத்தின் மேலேயே விழும்.

துளை போட்ட தாள் கைக்கு வந்துவிட்டால், ஸ்பைரலில் மீதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். சுருளுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு பைண்டர் கிளிப் போட்டுத் தாள்களை இறுக்கிக்கொள்ளுங்கள். சுருளின் முனைகள் மடங்கியிருக்கும். ஒரு முனையின் மடிப்பை மட்டும் கட்டிங் பிளையரால் நறுக்கிவிட்டு, மறுமுனையைப் பிடித்துத் திருகுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் துளை கிழியும். ஏ4 தாளின் நீளப் பக்கத்தில் நாற்பதுக்கு மேல் சுற்று இருக்கும், பொறுமை வேண்டும். கழன்றதும் கிளிப்பை எடுத்து, தாளை உரிய இடத்தில் வைத்து, துளைகளை நேராக்கி, மறுபடி கிளிப் போட்டுச் சுருளை ஏற்றலாம். பழைய சுருளையே ஏற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒருமுறை மடங்கிய பிளாஸ்டிக் அந்த இடத்திலேயே ஒடியும். அதோடு தடிமனும் கூடியிருக்கும். சாதாரண பிரிண்ட் தாள் (75 ஜிஎஸ்எம்) நூறு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சுருள் அதைவிட மூன்று மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால்தான் பக்கம் சிக்காமல் புரளும்.

வயரோ கதை வேறு. இரட்டைக் கம்பி வளையத்தை நெம்பித் திறந்து திரும்ப அழுத்தினால் வாய் சரியாக மூடாது, அந்த இடைவெளி வழியாகத் தாள்கள் நழுவும். புதுக் கம்பிதான் போட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் வரையிலான கம்பிகளுக்கு அங்குலத்துக்கு மூன்று துளை, 16-லிருந்து மேலே இரண்டு துளை. தாள் கூடக் கூட அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், ஏற்கெனவே துளை போட்ட பக்கங்கள் புதுக் கம்பிக்குப் பொருந்தாது. மொத்தத்தையும் மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான். சீப்புப் பல் மாதிரி பிளாஸ்டிக் வளையம் போடும் கோம்ப் பைண்டிங்கில் இந்தத் தொல்லை குறைவு. மெஷினில் விரித்து, தாளை வைத்து, மூடிவிடலாம்.

பின்னால் பக்கம் சேரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கடையில் சொல்லிவிடுங்கள். நடுநடுவே ஓர் அங்குல அகலக் காகிதத் துண்டுகளையும் துளை போட்டுச் சேர்த்துக் கட்டித் தருவார்கள். பிறகு வரும் தாளை அந்தத் துண்டில் கம் ஸ்டிக்கால் ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பசை வேண்டாம், தாள் சுருங்கும். அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட் மாதிரி மாதாமாதம் வளரும் கட்டுக்கு ஸ்பைரலே தேவையில்லை, இரண்டு துளை ரிங் ஃபைல் போதும்.

கோர்ட்டில் தாக்கல் செய்த டைப்டு செட் (வழக்கு ஆவணங்களின் கட்டு), கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய டெண்டர், கையெழுத்து வாங்கிவிட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இதிலெல்லாம் யார் கேட்டாலும் நடுவில் தாள் சொருகாதீர்கள். கோர்ட் விஷயம் என்றால் கூடுதல் டைப்டு செட் போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். ரிப்போர்ட் என்றால் திருத்தியதைப் புதிதாகக் கட்டி, மறுபடி கையெழுத்து வாங்குங்கள்.