நீலப் பொருளாதாரமா, கடற்பொருளாதாரமா?

சோழகக் காற்று தணியத் தொடங்கிய ஒரு பின்னேரம், யாழ்ப்பாணக் கரையோரக் கிராமம் ஒன்றின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டமொன்று நடந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் "நீலப் பொருளாதாரமும் சர்வதேச ஒத்துழைப்பும்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். வாசற்படியில் இருந்து அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஊசியை நிறுத்தி, அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதென்ன தம்பி நீலம்? கடலெண்டு எழுதினால் என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பை நாளாந்த வேலையாகக் கொண்டவன் என்ற முறையில் நான் அந்த இடத்திலேயே விடை சொல்லியிருக்க வேண்டும். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் தேடி அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். "நீலப் பொருளாதாரம்" என்பதற்கு மூலமான ஆங்கிலத் தொடரைப் பரவலாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த குந்தர் பவுலி. 2010இல் அவர் அதே தலைப்பில் வெளியிட்ட நூல் கடலை மட்டும் பற்றியதன்று. ஓர் உயிரின் கழிவு மற்றோர் உயிருக்கு உணவாவதுபோல, ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் மூலப்பொருளாக வேண்டும் என்பதே அதன் பேச்சு. சொல் கடலுக்குள் இறங்கியது 2012இல். அவ்வாண்டு யூனில் ரியோ டி ஜெனீரோவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு "பசுமைப் பொருளாதாரம்" என்பதைத் தன் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தபோது, சிறு தீவு நாடுகள், தங்களுக்கு நிலம் கையளவே, வாழ்வு முழுவதும் கடலில்தான், ஆகவே பச்சை மட்டும் போதாது, நீலமும் வேண்டும் என்று வாதிட்டன. கடலின் உயிர்ச்சூழல் கெடாமல் அதன் வளத்தைப் பயன்படுத்துவது என்ற இன்றைய பொருளை, பச்சைக்கு எதிரே வைக்கப்பட்ட நிறமாகவே நீலம் பெற்றது. பின்னர் அது வேகமாகப் பரவியது. 2015இல் இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கம் மொரிசியசில் இதைப் பற்றியே ஒரு பிரகடனம் செய்தது. 2018இல் நைரோபியில் இதற்கென்று ஒரு உலக மாநாடு கூடியது. அதே ஆண்டில் சீசெல்ஸ் அரசு 15 மில்லியன் டொலருக்கு உலகின் முதலாவது அரச "நீலப் பிணைமுறியை", அதாவது கடல்சார் திட்டங்களுக்குப் பணம் திரட்டும் கடன்பத்திரத்தை, வெளியிட்டது.

ஆங்கிலத்தில் பச்சைக்கு அருகே நீலத்தை வைத்தவுடன் கேட்பவருக்குக் காடும் கடலும் கண்முன் வருகின்றன. தமிழில் அப்படி வருவதில்லை. நஞ்சேறிய உடலை நீலம் பாரித்தது என்கிறோம். சலவைத் துணிக்கு நீலம் போடுகிறோம். பழைய செய்யுள்கள் கடலைப் பெரிதும் கருங்கடல் என்றே அழைத்தன. அடைமொழியாக நிற்கும் நிறம் கேட்பவருக்கு எதையும் காட்டாதபோது, அந்தத் தொடர் தமிழ் எழுத்தில் எழுதிய அயற்சொல்லாகவே நின்றுவிடுகிறது. முதியவரின் கேள்வி இந்த இடத்தைத்தான் தொட்டது.

இதற்கு இணையாக வழங்கும் இன்னொரு தொடரான "கடற்பொருளாதாரம்", நிறத்தை விட்டுவிட்டுக் கடலையே பெயராகக் கொண்டது. கடலை நம்பி நடக்கும் எல்லாத் தொழில்களையும் சேர்த்து எண்ணும் கணக்கு அது: மீன்பிடி, கப்பற் போக்குவரத்து, துறைமுகம், சுற்றுலா, கடற்படுகையில் தோண்டி எடுக்கும் எண்ணெய், காற்றாலை என்று எல்லாமே அதற்குள் வரும். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, 2010ஆம் ஆண்டில் இந்தக் கணக்கின் பெறுமதி 1.5 திரில்லியன் டொலர் என்றும், அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எண்ணெயும் எரிவாயுவும் என்றும் கூறியது. ஆகவே "கடற்பொருளாதாரம்" என்று மட்டும் சொன்னால் அதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அது ஒரு தொகை மட்டுமே. கடலைக் கெடுத்துச் சம்பாதித்த பணமும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும். கடலின் உயிர்ச்சூழல் கெடாமல் அதன் வளத்தைப் பயன்படுத்துவது என்ற நிபந்தனை சேரும்போதுதான், "நிலைபேறான" என்ற அடைமொழிக்கு வேலை வருகிறது. "நீலம்" என்ற சொல் அந்த நிபந்தனையைத் தன் நிறத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறது. மறைத்து வைத்த நிபந்தனையை மறந்துவிடுவது எளிது என்பதாலேயே நான் அந்தச் சொல்லை விரும்புவதில்லை. எந்தத் திட்டத்துக்கும் நீலச் சாயம் பூசிவிடலாம். "நிலைபேறான" என்று வெளிப்படையாக எழுதினால், அது நிலைக்குமா என்று யாரும் கேட்கலாம்.

இனிப் "பொருளாதாரம்" என்ற சொல். பொருள் என்ற தமிழ்ச் சொல்லோடு ஆதாரம் என்ற வடசொல் சேர்ந்தது இது. நமது பாடசாலைகளில் உயர்தர வகுப்பில் கற்பிக்கும் பாடத்துக்குப் "பொருளியல்" என்று பெயர். அது துறையைக் குறிக்கும், நாட்டின் அல்லது கடலின் பொருள் நடப்பைக் குறிக்காது. எனவே இந்த இடத்தில் பொருளாதாரமே பொருந்தும். ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர் வீட்டை நடத்தும் முறையைக் குறித்தது. நம்மிடம் இதைவிட நிறைவான வரையறை ஒன்று குறளில் இருக்கிறது: "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு." பொருள் வரும் வழியை உண்டாக்குவது, அதைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததைப் பங்கிடுவது என்ற நான்கும் சேர்ந்தால்தான் பொருளின் நடப்பு முழுமையாகும்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. நிலைபேறான கடற்பொருளாதாரத்துக்கான உயர்மட்டக் குழு என்று ஒன்று 2018இல் நோர்வேயும் பலாவு என்ற சிறு தீவு நாடும் இணைத்தலைமை ஏற்க அமைந்தது. அதன் 14 நாடுகள் 2020 டிசெம்பரில், தங்கள் அதிகாரத்துக்குட்பட்ட கடற்பரப்பு முழுவதையும் 2025க்குள் நிலைபேறான முறையில் நிர்வகிப்பதாக உறுதி கூறின. அந்தக் குழு தன் நோக்கத்தை மூன்று வினைகளில் சொல்கிறது: பயனுறக் காத்தல், கெடாமல் விளைவித்தல், நியாயமாகச் செழித்தல். குறளின் காத்தலும் இயற்றலும் வகுத்தலும் இவையே. வரிசைதான் வேறு. அரசனின் கருவூலத்தில் ஈட்டிய பிறகு காக்கலாம். கடலின் மீன் நாம் இயற்றியதன்று. விதைக்காமல் அறுக்கும் வயல் அது. ஆகவே அங்கே காத்தல் முதலில் வருகிறது. இந்த ஒரு வரிசை மாற்றத்தில்தான் சாதாரணக் கடற்பொருளாதாரத்துக்கும் நிலைபேறான கடற்பொருளாதாரத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கடலைக் குறிக்க எந்தச் சொல்லை எடுப்பது? நமது அரச ஆவணங்கள் "சமுத்திரம்" என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் "பெருங்கடல்" என்கின்றன. இலக்கியத்தில் ஆழி, பரவை, புணரி, பௌவம், முந்நீர் என்று பல பெயர்கள் உள்ளன. இவற்றுள் முந்நீர் தனித்து நிற்கிறது. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்ற மூன்றும் சேர்ந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. நிலத்தைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்று தன்மை உடையது என்று மற்றொரு விளக்கமும் உண்டு. பொருள் அழகானது, ஆயினும் சங்க மண்டபத்துப் பதாகையில் அதை எழுதினால் நீலத்துக்கு நேர்ந்ததே முந்நீருக்கும் நேரும். பரவை என்ற சொல் எங்களிடம் உயிரோடு இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பரவைக்கடல் என்றால் காலூன்றி நிற்கக்கூடிய ஆழங்குறைந்த கடல். ஓர் உலக ஏற்பாட்டுக்கு அது போதாது.

சில நண்பர்கள் "நெய்தற் பொருளாதாரம்" என்று சொல்லலாமே என்கிறார்கள். இந்த யோசனையில் எனக்கு ஆசை உண்டு. நெய்தல் பூவுக்கும் நீல நிறம், அதன் பெயரையே கடலும் கடல்சார்ந்த நிலமும் கொண்ட திணைக்கும் வைத்தார்கள். நீலமும் கடலும் ஒரே சொல்லில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சேர்ந்துவிட்டன. ஆனால் நெய்தல் கரையோரத்து வாழ்வு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலை அது தொடாது. 2023 யூனில் நிறைவேறி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, அந்த நடுக்கடலின் உயிர்ப் பல்வகைமையைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கும் இடமளிக்கும் சொல்லாகக் "கடல்" ஒன்றே எஞ்சுகிறது. கடற்பொருளாதாரம் என்று புணர்த்தி எழுதும்போது இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: கடல் + பொருளாதாரம் என்றும் பிரிக்கலாம், கடற்பொருள் + ஆதாரம் என்றும் பிரிக்கலாம், இரண்டு பிரிப்பிலும் பொருள் சரியாகவே வருகிறது.

அடைமொழியில் இரு கரைகளும் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் "நீடித்த", "நிலையான" என்று எழுதுகிறார்கள்; இலங்கையில் "நிலைபேறான" என்பது ஊன்றிவிட்டது. நிலையானது அசையாமல் நிற்பது. கடல் அப்படி நிற்பதில்லை, வாடையும் சோழகமும் மாறி வீசுகையில் மீனும் இடம் மாறுகிறது. நீடித்தது காலத்தால் நீண்டது மட்டுமே. நிலைபேறு என்பதில் பேறு இருக்கிறது, அதாவது முயன்று பெறும் நிலை. ஆகவே இந்த ஒன்றில் எங்கள் வழக்கே பொருத்தமானது என்று கூச்சமின்றிச் சொல்வேன்.

மிஞ்சியது "சர்வதேச ஒத்துழைப்பு". ஒத்துழைப்பு என்பது ஒத்து உழைப்பது. மனம் ஒத்தால் மட்டும் போதாது, கையும் உழைக்க வேண்டும். கடல் விடயத்தில் இந்த உழைப்பின் பெரிய பலன் 1982 டிசெம்பர் 10இல் ஜமெய்க்காவின் மொண்டேகோ பேயில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட கடற்சட்டச் சமவாயம். அதை உருவாக்கிய மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் தாம் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்ரன் சேர்லி அமரசிங்க. கரையிலிருந்து 200 கடல்மைல் வரையான வளங்களின் மீது கரை நாட்டுக்கு உரிமை என்பது அந்தச் சமவாயம் தந்தது. ஒரே மீன்கூட்டம் இரு நாட்டுக் கடலிலும் திரிந்தால், அதைக் காப்பது பற்றி அந்நாடுகள் உடன்பாடு காண முயல வேண்டும் என்று அதன் 63ஆம் உறுப்புரை சொல்கிறது.

பாக்கு நீரிணைக் கரையில் வாழும் எங்களுக்கு இது சட்டநூல் வாக்கியமாக மட்டும் கேட்பதில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லைக்கோடு 1974இலும் 1976இலும் செய்த உடன்படிக்கைகளில் வரையப்பட்டது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. இந்தியாவின் கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாட்கள் மீன் பெருகுவதற்காக விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த 61 நாட்களிலும் குருநகரிலும் மயிலிட்டியிலும் வலை விரிப்பவர் மனத்தில் ஓர் ஆறுதல் இருக்கும். தடை முடிந்ததும் இழுவைமடிகள் மீண்டும் வரும். மடி என்றால் பை. வாய் அகன்ற பையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போகும்போது மீனும் குஞ்சும் சாதாளை என்ற கடற்செடியும் சேர்ந்தே வாரப்படுகின்றன, குறுக்கே கிடக்கும் சிறுதொழிலாளியின் வலையும் போய்விடுகிறது. இலங்கை 2017இல் சட்டத்திருத்தம் செய்து இந்தத் தொழிலைத் தடை செய்தது. அன்று முதியவரின் மடியில் கிடந்த வலையில் மிதவைக் கயிறோடு சேர்த்து ஒரு பாகத்தைக் காணவில்லை. அறுந்த ஓரத்தில் நைலோன் இழைகள் முடிபோலச் சிலிர்த்து நின்றன. இரு கரையிலும் தமிழ் பேசும் ஏழைகளே கடலில் இறங்குகிறார்கள் என்பது இந்தத் துயரத்தை எனக்கு இன்னும் கனமாக்குகிறது.

ஒத்து உழைத்ததற்கும் எங்களிடம் ஒரு சொல் சாட்சியாக இருக்கிறது. நோர்வேயின் உதவியோடு காரைநகரில் படகும் குருநகரில் வலையும் செய்த நிறுவனத்தைச் "சீநோர்" என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சிலோனின் தலைப்பகுதியையும் நோர்வேயின் தலைப்பகுதியையும் ஒட்டிய பெயர் அது. பெயர்க்காரணம் தெரியாதவர்களும் சீநோர்ப் படகு என்றால் அறிவார்கள்.

"சர்வதேச" என்பதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு போதும். சர்வ தேசம் என்றால் எல்லா நாடும். மூலச் சொல்லோ நாடுகளுக்கு இடைப்பட்டது என்றுதான் சொல்கிறது. உலக மாநாடுகளைப் பேசும்போது "பன்னாட்டு" என்றும், பாக்கு நீரிணையைப் பேசும்போது "இரு நாட்டு" என்றும் எழுதுவது தெளிவு.

ஆகவே என் பரிந்துரை இது. நிறுவனங்களும் உடன்படிக்கைகளும் தங்கள் பெயரிலேயே நீலத்தை வைத்திருக்கும் இடங்களில் "நீலப் பொருளாதாரம்" என்பதை அப்படியே எழுதலாம். மற்ற இடங்களில் "நிலைபேறான கடற்பொருளாதாரம்" என்று எழுதுவோம். அடைமொழியை நீளம் கருதி விட்டுவிட வேண்டாம்; அதை விட்டால் எண்ணெய்க் கிணறும் இழுவைமடியும் அதற்குள் வந்துவிடும். அறிவித்தல்களிலும் பதாகைகளிலும் "கெடாத கடல், குறையாத தொழில்" என்று விரித்து எழுதினாலும் பொருள் மாறாது. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போவதைத் "தொழிலுக்குப் போறது" என்றுதான் சொல்வார்கள். வேறு அடைமொழி இல்லாமலே தொழில் என்றால் கடற்றொழில். அடுத்த கூட்டத்துக்கான பதாகைக்கு இந்த இரண்டாவது வடிவத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.