பிரிண்டருக்காக வைஃபை வேகத்தைப் பலி கொடுக்காதீர்கள்

வீட்டு நெட்வொர்க் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். வைஃபை இழுக்கிறது, பிரிண்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' காட்டுகிறது. போய்ப் பார்த்தால், பிரிண்டருக்காக எப்போதோ மாற்றிய செட்டிங்தான் பல வீடுகளில் வைஃபையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பழைய பிரிண்டர் இணையவில்லை என்று யாரோ ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பை டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறைக்கு இறக்கியிருப்பார்கள். அந்த முறையில் ரவுட்டர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் வேகம் நொடிக்கு 54 மெகாபிட்டைத் தாண்டாது. பாதுகாப்பும் பலவீனம். பாதுகாப்பு செட்டிங்கை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்ற புதிய முறைகளில் வையுங்கள். அதில் சேர முடியாத பிரிண்டருக்கு ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுப்பதே மேல்.

இன்னொரு தவறான புரிதல்: பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருப்பதால் லேப்டாப்பையும் அதிலேயே வைக்க வேண்டும் என்பது. தேவையே இல்லை. ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளும் ஒரே நெட்வொர்க்தான். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தபடியே தாராளமாகப் பிரிண்ட் அனுப்பலாம். தடையாக இருப்பது வேறு: பிரிண்டர், லேப்டாப் இரண்டில் ஒன்று விருந்தினருக்கான தனி 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் இருக்கும், அல்லது சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாத 'ஐசொலேஷன்' ரவுட்டரில் ஆனாகி இருக்கும்.

சரி, நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று ஏன் ஆஃப்லைன்? பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு, அதில் உள்ள ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணை, கம்ப்யூட்டரில் பிரிண்டரின் 'போர்ட்' பகுதியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் கடைசி எண் 12, இன்னொன்றில் 17 என்று இருந்தால் கதை முடிந்தது. ரவுட்டர் புது முகவரி கொடுத்துவிட்டது, கம்ப்யூட்டரோ பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரிலும் அதையே கொடுங்கள். டிரைவரை அழித்துத் திரும்பப் போடுவதில் மணிக்கணக்கில் நேரம் போக்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். இது சில நிமிட வேலை.

யூஎஸ்பி பிரிண்டரை ஒரு கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்தால், அந்தக் கம்ப்யூட்டர் தூங்கிவிடக் கூடாது. நெட்வொர்க் வசதியுள்ள பிரிண்டர் என்றால் நேராக ரவுட்டரில் சேர்த்துவிடுங்கள்.

இனி வேகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்க நெட்வொர்க்குகள் குறைவாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வைத்தால் நெரிசலான குடியிருப்பில் பக்கத்து வீட்டு இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். அதோடு ஒட்டி யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள். அதன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். பலர் சந்தேகிக்கவே மாட்டாத இடம் இது.

அப்புறம், பிரிண்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியூரிலிருந்து அச்சிட வசதியாக இருக்கும் என்று பிரிண்டர் அச்சு வேலைகளை வாங்கும் வாசலான 9100 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால், உலகில் யார் வேண்டுமானாலும் உங்கள் காகிதத்தில் அச்சடிக்கலாம். ரவுட்டரின் 'போர்ட் ஃபார்வர்டிங்' பட்டியலில் அந்த எண் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.