ஓப்பன்ஆபிஸை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு

நான் பராமரிக்கும் கணினிகளில் ஒன்றில், கடிதம், கணக்கு, விளக்கக்காட்சி போன்ற அலுவலக வேலைகளுக்கான இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸை நிறுவிக் கொடுத்த சில நாள்களிலேயே, அந்தக் கணினியின் உரிமையாளர் அதை நீக்கிவிட்டு, அதே வகை மென்பொருளான அப்பாச்சி ஓப்பன்ஆபிஸைத் திரும்ப நிறுவிக்கொண்டார். காரணம் கேட்டபோது, “நீங்கள் போட்டது நகலாம், இதுதான் அசலாம்” என்றார். இதே விடையை வெவ்வேறு மனிதர்களிடமிருந்து ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிச் சலித்துவிட்டதால், இம்முறை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வளர்த்துவந்த ஓப்பன்ஆபிஸ், 2010 தொடக்கத்தில் அந்நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. திட்டத்தின் எதிர்காலம் குறித்துக் கவலைகொண்ட உருவாக்குநர்களும் தன்னார்வலர்களும் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ‘தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்து, அதே மூலநிரலிலிருந்து (மென்பொருளை உருவாக்கும் நிரல் வரிகளிலிருந்து) தனிக் கிளையைத் தொடங்கினார்கள். ஓப்பன்ஆபிஸ் என்ற பெயரைத் தங்களுக்கே வழங்குமாறு ஆரக்கிளிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட அவர்கள், விடை வரும்வரை வைத்துக்கொண்ட பெயர்தான் லிப்ரேஆபிஸ். பெயர் கிடைக்கவில்லை. ஆரக்கிள் அதை 2011 ஜூனில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, அந்த ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓப்பன்ஆபிஸை விட்டுவிட்டு லிப்ரேஆபிஸோடு வெளிவந்திருந்தது.

இங்கேதான் அந்த ‘அசல், நகல்’ குழப்பம் பிறக்கிறது. திருட்டுப் பதிப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பழைய பெயரில் இருப்பது உண்மையானது என்றும், புதுப் பெயரில் வருவது யாரோ எடுத்துப் போலியாகச் செய்தது என்றும் தோன்றிவிடுகிறது. திறமூல மென்பொருளில் மூலநிரலை எடுத்து, மாற்றி, வேறு பெயரில் வெளியிடும் உரிமையை உரிமமே எல்லோருக்கும் தருகிறது. அதில் களவும் இல்லை, ஏமாற்றும் இல்லை. 2010இல் பிரிந்தபோது இரு தரப்பிடமும் இருந்தது ஒரே மூலநிரல்தான் என்பதால், இன்றைய இரண்டுமே அதன் நேர்வாரிசுகள். பெயர் என்பது வணிகக்குறி, அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அந்த நிரலின் லட்சக்கணக்கான வரிகளைப் படித்துப் புரிந்துகொண்டு, எந்தத் திருத்தம் எங்கே சிக்கலை உண்டாக்கும் என்று அறிந்த மனிதர்களை அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அவர்களில் பெரும்பகுதியினர் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் மென்பொருள் உயிரோடு இருக்கிறது. பதிவிறக்கம் செய்யும்முன் பெயரைப் பார்ப்பதைவிட, கடைசியாக எப்போது என்ன மாறியது என்று பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் தெரிவது இதுதான். ஓப்பன்ஆபிஸ் 4.1 வந்தது 2014 ஏப்ரலில். அதன்பின் வந்தவையெல்லாம் அதே 4.1 வரிசையின் சிறு திருத்தப் பதிப்புகள். லிப்ரேஆபிஸோ ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளையும் அவற்றுக்கு இடையே பல திருத்தப் பதிப்புகளையும் வெளியிடுகிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பை ஓப்பன்ஆபிஸ் திறக்கும். அதே வடிவில் சேமிக்காது. வந்த கோப்பைத் திருத்தித் திருப்பி அனுப்புவதே அன்றாட வேலையாக இருப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதிய காரணம். எழுத்துகள் சேர்ந்து வடிவம் மாறும் மொழிகளில் எழுதுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 2017இல் வந்த லிப்ரேஆபிஸ் 5.3 முதல் எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃபஸ் என்ற ஒரே இயந்திரம் வேலை செய்கிறது.

ஆயினும் என்னை உறுத்துவது வசதிக் குறைவு அன்று, பாதுகாப்பு. 2016 ஜூலையில் ஓப்பன்ஆபிஸில் ஓர் ஓட்டை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது; தீய நோக்கத்தோடு செய்யப்பட்ட ஒரு விளக்கக்காட்சிக் கோப்பைத் திறந்தாலே ஆபத்து. பயனர் தாமே கோப்பை மாற்றிவைக்க வேண்டிய தற்காலிகத் திருத்தம் ஆகஸ்டில் வந்தது. முறையான பதிப்பான 4.1.3 அக்டோபரில்தான் வந்தது. அந்தத் திட்டத்தின் அன்றைய தலைவரே, போதிய ஆளில்லாத நிலையில் திட்டத்தை மூடிவிட வேண்டியிருக்குமா என்ற கேள்வியை அந்த செப்டம்பரில் வெளிப்படையாக முன்வைத்தார். எஞ்சியிருந்து உழைக்கும் தன்னார்வலர்கள்மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் தோளில் சுமக்க முடியாத பாரம் அது.

“இரண்டும் ஒருநாள் ஒன்றாகிவிடும், அதுவரை காத்திருக்கிறேன்” என்போருக்கு: உரிமங்கள் அதற்கு இடம் தரவில்லை. அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரேஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம். மொசில்லா பொது உரிமத்தில் வரும் லிப்ரேஆபிஸ் நிரலை ஓப்பன்ஆபிஸ் அப்படித் தன்னுள் சேர்த்துக்கொள்ள முடியாது. வெள்ளம் ஒரே திசையில்தான் பாயும்.

எல்லாக் கிளைத்திட்டங்களுக்கும் ஓடிப்போய்ச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. கோபத்தில் பிரிந்து, ஆறு மாதத்தில் ஓய்ந்துபோகும் கிளைகளே அதிகம். பிரிந்தவர்கள் யார், பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு விரைவில் வருகின்றன, ஒருவர் விலகினாலும் தொடரும் அமைப்பு உண்டா என்று பார்த்தபிறகே நான் யாருக்கும் பரிந்துரைப்பேன். வட்டுகளை மறைகுறியாக்கிப் பூட்டும் ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருள் 2014 மே மாதம் கைவிடப்பட்ட பின்னரும் பலர் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் விண்டோஸில் அதன் இயக்கியில் (டிரைவரில்) இரண்டு கடும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, திருத்தம் அதன் கிளையான வெராகிரிப்டுக்குத்தான் வந்தது.

இனி, மாறும் முறை. உங்கள் கோப்புகள் திறக்காமல் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்: இரண்டும் ஓடிஎஃப் என்ற ஒரே பொதுத் தர ஆவண வடிவத்தையே பயன்படுத்துகின்றன, ஆகவே எதையும் மாற்றியமைக்கத் தேவையில்லை. என்றாலும் முக்கியமான ஆவணங்களைப் படியெடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். லிப்ரேஆபிஸ் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். பழையதை உடனே நீக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம். நீங்களே சேர்த்துவைத்த சொற்பட்டியல்கள் பழைய பயனர் கோப்புறையில் இருக்கும், அவற்றைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். மேக்ரோக்களையும் (வேலைகளைத் தானே செய்யும் சிறு நிரல்கள்) நீட்சிகளையும் (கூடுதலாக நிறுவிய வசதிகள்) ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எல்லாம் ஓடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். இந்தத் தொகுப்பின் தரவுத்தளப் பகுதியான பேஸில் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், அதற்கு ஜாவா என்ற துணை மென்பொருள் தேவைப்படும்: விண்டோஸில் ஓப்பன்ஆபிஸ் 32 பிட் நிரல், நீங்கள் நிறுவும் லிப்ரேஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாகவே இருக்க வேண்டும். “தரவுத்தளம் அழிந்துவிட்டது” என்று பதறி வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கடவுச்சொல்லிட்டுப் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய நிரலில் திறக்காமல் போகலாம் என்பதால், ஒரே கோப்பைப் பகிர்ந்து வேலை செய்பவர்கள் சேர்ந்தே மாறுங்கள்.

சில வாரங்கள் புழங்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் ஓப்பன்ஆபிஸைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். “இருந்துவிட்டுப் போகட்டும்” என்று விட்டுவைத்தால், கோப்புகள் அதனோடு இணைக்கப்பட்டிருக்கும் கணினியில், மின்னஞ்சலோடு வரும் கோப்பை இருமுறை சொடுக்கும்போது அதுவே திறந்துகொள்ளும்.