சொல் விளக்கம்: தொழுநோய்

கொங்குப் பக்கம் வயசானவர்கள் இந்த நோயைப் 'பெருவியாதி' என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. மருத்துவர் எழுதுவது 'லெப்ரசி', அரசுச் சுவரொட்டியில் 'தொழுநோய்', வசவில் 'குஷ்டம்'. இன்றைக்கு நான்கும் ஒரே நோய்தான். ஆனால் நொய்யல் கரையில், அகழாய்வில் வெளிப்பட்ட பழைய ஊரான கொடுமணலில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நோய் இருந்ததா என்று கேட்டால், பழைய நூலில் ஒரு சொல்லைக் காட்டி முடிவு சொல்ல முடியாது. அந்தச் சொல் அப்போது எந்த நோயைக் குறித்தது என்பதே முதல் கேள்வி.

'லெப்ரா' என்பது கிரேக்கச் சொல். செதில் செதிலாகத் தோல் உரியும் நோய்களுக்கெல்லாம் அது பொதுப்பெயர். நாம் லெப்ரசி என்கிற நோயைக் கிரேக்க மருத்துவர்கள் 'எலிபன்டியாசிஸ்' என்றார்கள். பைபிள் மொழிபெயர்ப்புகள் எபிரேயத்தின் வேறொரு தோல்நோய்ச் சொல்லுக்கு 'லெப்ரா'வைப் போட, குழப்பம் நிலைத்துவிட்டது.

குட்டம் என்பது வடமொழிக் 'குஷ்ட'த்தின் தமிழ் வடிவம். அதுவும் ஒற்றை நோயின் பெயர் அல்ல. சுசுருத சம்ஹிதை பெரியவை 7, சிறியவை 11 என்று 18 வகைக் குஷ்டம் சொல்கிறது. சித்த மருத்துவத்திலும் குட்டம் 18. படை, சொறி, செதில் நோய் எல்லாம் அதற்குள் அடக்கம். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று ஒரு வேர் தருகிறார்களே, அந்த மூலிகையின் பெயரும் இதே 'குஷ்ட'த்திலிருந்து வந்ததுதான்.

தொழுநோய் பழைய தமிழ்ச்சொல். நாலடியார் 123-ஆம் பாட்டில் 'அக்கேபோல் அங்கை யொழிய விரலழுகித் துக்கத் தொழுநோய் எழுபவே' என்று வருகிறது. நண்டின் காலை ஒடித்துத் தின்ற பழவினை என்று பாட்டு சொல்லும் காரணத்தை விட்டுவிடுவோம், அது நோயாளியின் தலையில் பழியைப் போடுவது. ஆனால் உள்ளங்கை மட்டும் மிஞ்ச விரல்கள் போய்விடும் என்பது கண்ணால் பார்த்தவர் சொல்வது. ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் 'அங்கமெலாம் குறைந்தழுகு தொழுநோயர்' என்றே பாடுகிறார். செதிலைப் பற்றியோ படையைப் பற்றியோ பேச்சே இல்லை, உறுப்புக் குறைவதுதான் அடையாளம். அதனால் லெப்ரசிக்கு மிகப் பொருத்தமான தமிழ்ச்சொல் இதுதான் என்று அழுத்திச் சொல்வேன். மாடு கட்டும் கட்டுத்தாரையைத் தொழுவம் என்போரும் உண்டு, கும்பிடுவதும் தொழுவதுதான். அவற்றை வைத்து இந்தச் சொல்லுக்குப் பிறப்புக் கதை கட்ட வேண்டாம்.

சரி, விரல் உண்மையில் அழுகி விழுகிறதா? இல்லை. 1873-இல் நார்வேயின் பெர்கனில் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டறிந்த மைகோபாக்டீரியம் லெப்ரே என்னும் நுண்ணுயிர் நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சி போனபின் சூடும் காயமும் தெரியாது, புண் வைக்கும், எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இந்தக் கரைவு எலும்புக்கூட்டில் பதிந்துவிடும். விரல் நுனி எலும்பு சீவிய பென்சில் போல ஒடுங்கியிருக்கும், மூக்கடியில் இருக்கும் சிறு எலும்பு முள் தேய்ந்திருக்கும், மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு பின்வாங்கியிருக்கும். ராஜஸ்தானின் பாலாத்தலில் சுமார் 4000 ஆண்டுப் பழமையான ஓர் எலும்புக்கூட்டில் தொழுநோய்க்குரிய மாற்றங்கள் இருப்பதாக 2009-இல் வெளியான ஆய்வு எலும்பைப் பார்த்துச் சொன்னதுதான்.

எலும்பில் தடயம் பதியாத நோயாளிகளே அதிகம். அங்கேதான் தொல் டி.என்.ஏ, அதாவது பழைய எலும்பிலும் பல்லிலும் எஞ்சியிருக்கும் டி.என்.ஏ, வருகிறது. இதை 'தொல்மரபணு' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. மரபணு என்பது டி.என்.ஏ-வின் ஒரு பகுதி மட்டுமே என்பதால் 'தொல் டி.என்.ஏ' என்பதே சரி. ஒரு உயிரின் மொத்த டி.என்.ஏ-வுக்கு 'மரபணுத்தொகை' இருக்கிறது.

பல்லையோ எலும்பையோ துளையிட்டு எடுத்த துளித் தூளில் மனித டி.என்.ஏ-வோடு, நுண்ணுயிரின் டி.என்.ஏ-வும் சிறு துண்டுகளாகக் கிடக்கும். தொழுநோய்க் கிருமியின் மரபணுத்தொகையில் ஒரு தொடர் 30 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது, அதை முதலில் தேடுவார்கள். அப்புறம் துண்டுகளின் முனையைப் பார்ப்பார்கள். டி.என்.ஏ நான்கு வேதி 'எழுத்து'களால் ஆனது. பழைய டி.என்.ஏ-வில் முனையிலுள்ள சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, படிக்கும் கருவிக்குத் தைமின் என்ற வேறோர் எழுத்து போலத் தெரியும். இந்தச் சிதைவு இருந்தால்தான் தோண்டியவர் கையிலிருந்து ஒட்டியது அல்ல என்று நம்பலாம்.

இந்தக் கிருமியின் செல்சுவர் மெழுகுத்தன்மை கொண்டது. அதனால்தான் அதன் டி.என்.ஏ நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது என்று கருதுகிறார்கள். 2013-இல் ஐரோப்பிய இடைக்கால எலும்புக்கூடுகளிலிருந்து ஐந்து மரபணுத்தொகைகள் வெளிவந்தன. டென்மார்க்கில் கிடைத்த ஒன்று, இன்றைய மாதிரியைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமலே முழுதாகக் கோக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. அன்றைய கிருமிக்கும் இன்றைய கிருமிக்கும் வேறுபாடு மிகக் குறைவு. கிருமி வீரியம் இழந்ததால்தான் ஐரோப்பாவில் நோய் மறைந்தது என்ற எண்ணத்துக்கு அதன்பின் வலு இல்லை.

இந்த ஒப்பீடுகளுக்கெல்லாம் அடிப்படையான மாதிரிக்குப் பெயர் 'டி.என்'. தமிழ்நாடு என்பதன் சுருக்கம்தான் அது! இங்கே ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்து, ஆர்மடில்லோ என்ற விலங்கில் வளர்க்கப்பட்ட கிருமியின் மரபணுத்தொகை 2001-இல் முழுதாகப் படிக்கப்பட்டது. டி.என்.ஏ எழுத்து இணைகளின் எண்ணிக்கை 32 லட்சத்துக்கு மேல், அதில் செயலிழந்த மரபணுக்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 2008-இல் மைகோபாக்டீரியம் லெப்ரோமடோசிஸ் என்ற இரண்டாவது கிருமியும் தெரியவந்தது. ஆக, தொழுநோய் என்ற ஒரு சொல்லுக்குள் இன்று இரண்டு கிருமிகள்.

நம் மண்ணில் தடை வெப்பம்தான். சூட்டில் டி.என்.ஏ வேகமாகச் சிதையும். ஹரியானாவில் சிந்துவெளி நாகரிக ஊரான ராகிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றே ஒன்றுதான் கைகொடுத்தது. கொங்கு நாட்டுக் கல்வட்டங்களிலோ (கற்களை வட்டமாக நட்ட பழைய புதைகுழிகள்) எலும்பு பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். அதனால் அகழும்போதே பல், மேல்தாடை, விரலெலும்பு எதையும் கழுவாமல், வெறுங்கை படாமல், தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். பல்லைத் தேய்த்துக் கழுவினால் கேள்வி கேட்கும் வாய்ப்பே போய்விடும்.

எழுதுபவர்களுக்கு: எலும்பை மட்டும் பார்த்திருந்தால் 'தொழுநோய்க்குரிய எலும்பு மாற்றம்' என்று எழுதுங்கள். கிருமியின் டி.என்.ஏ கிடைத்திருந்தால் 'தொழுநோய் உறுதி' என்று எழுதலாம். பழைய நூலில் 'குட்டம்' என்று இருந்தால் அதைக் குட்டம் என்றே விடுங்கள். ஆளைக் குறிக்கும்போது, அவர் நேற்று வாழ்ந்தவரோ நாலாயிரம் ஆண்டுக்கு முந்தியவரோ, 'குஷ்டரோகி' வேண்டாம், 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதுங்கள்.