டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம்

போன ஜனவரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆயில்கூடக் குறையலை, கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. ஆனா காலையில திணறுது" என்றார்.

ஆயில் ஏறியிருக்கிறது என்றதுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. விரலில் தொட்டால் வழவழப்பே இல்லை, தண்ணியாக ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம். ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்பக்கம் பாலேடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"சார், தினமும் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைப்பீங்களா?"

"ஆமா, காலையில பதினைஞ்சு நிமிஷம். ஊட்டிக் குளிருக்கு இன்ஜின் சூடாக வேண்டாமா? வண்டி எடுக்காத நாள்லகூட விடமாட்டேன்."

அத்தனை அக்கறையாகச் செய்த காரியம்தான் இன்ஜினைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஊட்டியில் இப்படிச் செய்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. அம்பாசடர், பத்மினி காலத்தில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர்தான். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டி, இன்ஜின் சூடேறும்வரை பொறுத்துத்தான் வண்டியை நகர்த்த முடியும். அவசரப்பட்டால் மேட்டில் நின்றுவிடும். 2000-ஐ ஒட்டி, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகு அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை சென்சார் சொல்ல, அதற்குத் தக்கபடி பெட்ரோலை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்.பி.எம். முள் ஆயிரத்தைத் தாண்டி நின்று, பிறகு மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதனால்தான்.

சரி, நிறுத்தி வைத்து ஓடவிட்டால் என்ன கெடுதல்? ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் ஓடும்போது, இன்ஜினுக்குச் சுமை கிடையாது, அதனால் சூடேறுவது மெதுவாகத்தான் நடக்கும். அவ்வளவு நேரமும் பெட்ரோல் கூடுதலாகவே போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு பங்கு எரியாமல், குளிர்ந்த சிலிண்டர் சுவரில் துளித்துளியாக ஒட்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிட்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். தண்ணீரும் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போனாலும், கொஞ்சம் உள்ளே குளிர்ந்து தங்கிவிடும். மூடியில் பார்த்த பாலேடு அந்தத் தண்ணீர்தான். வண்டியை நன்றாக ஓட்டி ஆயில் கொதிக்கக் கொதிக்கச் சூடானால் இரண்டுமே ஆவியாகி வெளியேறிவிடும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதற்கு வெகு பின்னால்தான் வரும். கியர்பாக்ஸும் வீல் பேரிங்கும் டயரும் நின்ற இடத்தில் சூடாகவே ஆகாது.

பேட்டரிக்காக ஓடவிடுகிறோம் என்பவர்களும் உண்டு. ஊரடங்கின்போது பரவிய பழக்கம் இது. ஹெட்லைட்டும் ப்ளோயரும் ஓடிக்கொண்டிருந்தால் ஐட்லிங்கில் பேட்டரிக்குப் போய்ச் சேரும் சார்ஜ் சொற்பம். ஒரு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வருவதுதான் சரி.

நான் செய்வது இவ்வளவுதான். செல்ஃப் எடுத்ததும் ஆயில் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்ப்பேன். சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்வேன். அந்த அரை நிமிடம் போதும், கிளம்பிவிடுவேன். முதல் நான்கைந்து கிலோமீட்டருக்குக் கால் லேசாக இருக்கும். 2500 ஆர்.பி.எம்-ஐத் தாண்ட விடமாட்டேன், ஏ.சி.யோ வேகமோ கிடையாது. ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஆயில் முழுதாக மேலே ஏறாத நேரம் அது.

எங்கள் ஊருக்கென்று ஒரு விதிவிலக்கு உண்டு. தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படர்ந்து கிடக்கும். வீட்டு வாசலிலேயே செங்குத்தான ஏற்றம் இருந்தால், அப்படிப்பட்ட காலையில் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து எடுங்கள். குன்னூர் பக்கம் இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் இன்ஜினை அலறவிட்டு இறங்க வேண்டாம். அதற்காக நியூட்ரலில் உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. கியரிலேயே நிதானமாக இறங்குங்கள். கண்ணாடியில் படிந்த பனிக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

டீசல் வண்டி என்றால், சுருள் கம்பி மாதிரி எரியும் விளக்கு அணைந்த பிறகு செல்ஃப் எடுங்கள். டீசல் இன்ஜின் ஐட்லிங்கில் பெட்ரோலைவிட மெதுவாகத்தான் சூடாகும். 2020-க்குப் பிறகு பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளைத் தினமும் நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சைலன்சர் பாதையில் புகைக் கரியை வடிகட்டும் டி.பி.எஃப். கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டிக்கு அந்த ஒரு நிமிடப் பொறுமை வேறு இடத்தில் தேவைப்படுகிறது. மலை ஏறி வந்ததும் உடனே சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

ஆயிலில் கெட்டியானது நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லி வருகிறார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால்தான் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே போடுங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே வண்டியை ஓடவிடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது அதிகமாகவே வரும், ஏனென்றால் சைலன்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலையே செய்யும். தலை வலிக்கிறது, மயக்கமாக இருக்கிறது என்று உணர்வதற்குள் எழுந்து வெளியே வரத் தெம்பிருக்காது. கார் ஷெட்டுக்கு மேலே படுக்கையறை இருக்கும் வீடுகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஷட்டரைத் திறந்து, வண்டியை வெளியே எடுத்த பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஆசிரியரின் வண்டிக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை மனைவியை ஏற்றிக்கொண்டு பைக்காரா வரை போய்த் திரும்புகிறார். போன மாதம் டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்தபோது அவரே பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்பக்கம் சுத்தமாக இருந்தது.