ஃபேன், விசிறி, ரசிகர், பற்றாளர்: ஊர்ச் செட்டுக்கு எது பொருந்தும்?

தொண்டிப் பக்கமோ தேவிபட்டினம் பக்கமோ, கடலோர ஊர் ஒன்றில் கபடிப் போட்டி நடக்கும்போது கயிற்றோரம் போய் நின்று பாருங்கள். "நான் எங்க ஊர் செட்டுக்கு ஃபேன்" என்று ஒருவரும் சொல்ல மாட்டார். தோனி ஃபேன் உண்டு, மெஸ்ஸி ஃபேன் உண்டு, ஊர் அணி என்றால் மட்டும் "நம்ம செட்டு". இரண்டு இடத்திலும் தொண்டை கட்டக் கத்துவது அதே ஆள்தான், ஆனால் ஃபேன் என்ற சொல் அங்கே ஒட்டுகிறது, இங்கே ஒட்டமாட்டேன் என்கிறது.

ஃபேன் என்பது 'ஃபெனாட்டிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வேர் லத்தீனில் இருக்கிறது: 'ஃபானும்' என்றால் கோயில். கோயிலைச் சேர்ந்தவர், தெய்வம் ஏறியவர் என்று இருந்த பொருள் போகப்போக வெறியர் என்றாகி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்க வருகிறவர்களுக்குப் பெயராகிவிட்டது. சாமியாடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம்.

அப்புறம் இந்த 'விசிறி'. ஆங்கிலத்தில் காற்று வீசும் ஃபேனுக்கும் ஆள் ஃபேனுக்கும் எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. காற்று ஃபேன் தானியம் தூற்றும் முறத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு போட்ட மொழிபெயர்ப்புதான் விசிறி. பத்திரிகைகள் எழுதி எழுதிப் பழக்கிவிட்டன, தெரியும். ஆனாலும் பனையோலை விசிறி முடைகிற சீமையில் இருந்துகொண்டு அந்த நல்ல சொல்லை இப்படித் தவறான இடத்தில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரசிகர் சரியான சொல், வடமொழிச் சொல் என்பது தவிர. ரசம் என்றால் சாறு, சுவை. சுவைக்கத் தெரிந்தவர் ரசிகர். தமிழில் சுவைஞர் என்று அழகாகச் சொல்லலாம். ஒரு வீரரின் ஆட்டத்தை விரும்புகிறவருக்கு இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் அவர் சுவைப்பது ஒரு திறமையை, அந்தத் திறமை பார்சிலோனாவிலிருந்து பாரிசுக்குப் போனாலும், 2021இல் மெஸ்ஸி போனாரே, சுவையும் கூடவே போகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் அணிக்கு? பேச்சில் 'ஊர்ப்பாசம்' என்கிறோம். பாசம் வடமொழியில் கயிறு, பாசக்கயிறு என்கிறோமே, அதே சொல். தமிழில் 'பற்று' இருக்கிறது, 350ஆம் குறள் முழுக்க வள்ளுவர் திரும்பத் திரும்பப் போட்ட சொல். பற்று என்றால் பிடித்துக்கொள்வது, ஒட்டிக்கொள்வது. தீ பற்றுகிறது என்பதும் இதே வினைதான். சுவை என்ற சொல்லில் இந்தப் பிடியும் இல்லை, இந்தச் சூடும் இல்லை. அணி தோற்றாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பவருக்குப் பற்றாளர் என்பதுதான் என் தேர்வு.

இந்த வித்தியாசத்தை நம் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ரசிகர் படர்க்கையில் பேசுவார்: "தோனி அடிச்சாரு". பற்றாளர் தன்மைப் பன்மையில் பேசுவார்: "ஜெயிச்சுட்டோம்". அதிலும் தமிழுக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. பக்கத்து ஊர்க்காரரிடம் "நாங்க ஜெயிச்சோம்" என்கிறவர், தெருவுக்குள் நுழைந்ததும் "நாம ஜெயிச்சோம்" என்பார், ஆட்டத்தையே பார்க்காத பாட்டியையும் சேர்த்துத்தான். பாய்மரப் படகுப் போட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், கரையில் நிற்கிற கூட்டம் சுக்கான் யார் கையில் என்றா கேட்கிறது, முன்னால் வருவது எந்த ஊர்ப் படகு என்றுதான் கேட்கிறது.

சென்னை சூப்பர் கிங்ஸையும் 'நாம' என்கிறார்களே என்று கேட்கலாம். 2016, 2017 இரண்டு ஆண்டும் அந்த அணி தடையில் இருந்தது, தோனி புனே அணிக்கு ஆடினார். எங்கள் பக்கத்தில் சிலர் அவரோடு புனேக்குப் போனார்கள், சிலர் ஐபிஎல்லையே பார்க்காமல் காத்திருந்தார்கள். 2018இல் அணி திரும்பி வந்து கோப்பையை வாங்கியபோது எல்லோரும் ஒன்றாகத்தான் ஆடினார்கள், ஆனால் யார் ரசிகர், யார் பற்றாளர் என்பது நடுவில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் தெரிந்துபோயிருந்தது.

கபடியில் இது இன்னும் கிட்டத்தில் வந்து இடிக்கும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், நல்ல ரைடர், ஒரு பொங்கல் போட்டியில் பக்கத்து ஊர் கூப்பிட்டதால் அவர்கள் பனியனைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு எதிராக இறங்கினான். அவன் ஏறி வரும்போதெல்லாம் "பிடி, விடாதே" என்று கத்தினோம். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் தாவியபோது எங்களையும் அறியாமல் கை தட்டினோம். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது அவனுடைய தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளை பிரமாதமா ஆடுனான். நாம தோத்துட்டோம்."