எல்.எல்.ஆர்-ல ஓட்டி இடிச்சா பொய் சொல்லணும்னு யாருங்க சொன்னது?

நேத்து சாயங்காலம் இன்னொரு வண்டி வந்துச்சு. இதே கதையோட இந்த மாசத்துல வந்த நாலாவது வண்டி இது, அதனாலதான் கடையை சாத்திட்டு உக்காந்து எழுதறேன். கோயமுத்தூர்ல 19 வருஷமா டிங்கரிங் பெயிண்டிங் கடை வெச்சிருக்கேன், வண்டி கத்துக்கறவங்க இடிச்சு எடுத்துட்டு வர்றது எனக்குப் புதுசில்ல, அதைப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, கத்துக்கும்போது இடிக்கத்தான் செய்யும். எனக்கு வயித்தெரிச்சல் எங்க வருதுன்னா, இடிச்சதுக்கு அப்புறம் அவங்க பண்ற காரியத்துலதான்.

நேத்து வந்தவர் வீட்டம்மாவுக்கு வண்டி கத்துக்குடுத்துட்டு இருக்காரு. அப்பார்ட்மென்ட் கீழ் பார்க்கிங்ல உள்ள திரும்பும்போது இடது பின் கதவு தூண்ல தேஞ்சிருக்கு, அந்தப் பயத்துல அவங்க ரிவர்ஸ் போட்டு எடுக்க, பின் பம்பர் மூலை இன்னொரு தூண்ல போய் மாட்டி லாக் ஒடைஞ்சு தொங்குது. இவ்வளவுதான் நடந்தது. ஆனா இவரு என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸுக்கு போன் போட்டு, நிறுத்தி வெச்சிருந்த வண்டியை யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டாரு. ஏன் சார்னு கேட்டா, "எல்.எல்.ஆர் வெச்சிருக்கறவங்க ஓட்டினா கிளைம் வராதுல்ல"ங்கறாரு.

வரும்ங்க! எத்தனை பேர்கிட்ட எத்தனை வாட்டிதான் சொல்றது. உங்க பாலிசி பேப்பர்ல டிரைவர் பத்தின ஒரு பத்தி இருக்கும், யாரும் படிக்கறதில்ல. செல்லுபடியாகற லைசென்ஸ் இருக்கறவங்க ஓட்டலாம்னு முதல்ல இருக்கும், அதுக்குக் கீழயே எல்.எல்.ஆர் வெச்சிருக்கறவங்களும் ஓட்டலாம், ஆனா 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல மூணாவது விதிப்படி நடந்திருக்கணும்னு போட்டிருக்கும். அந்த விதி கேக்கறது மூணே சங்கதி. எல்.எல்.ஆர் உயிரோட இருக்கணும், அதாவது எடுத்து ஆறு மாசம் தாண்டியிருக்கக் கூடாது. பக்கத்துல முழு லைசென்ஸ் இருக்கற ஒருத்தர், வண்டியை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியற இடத்துல உக்காந்திருக்கணும். வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் வெள்ளைல சிவப்பு எல் போர்டு இருக்கணும், அதுவும் 18 சென்டிமீட்டர் சதுரத்துல, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாம. செல்போன் சைஸுக்கு ஒரு ஸ்டிக்கரை ஓரமா ஒட்டிட்டு வர்றாங்க, அது போர்டு இல்லீங்க.

அதுல அந்த உக்கார்ற இடம்ங்கறதை நல்லா கவனிங்க. அப்பா பின் சீட்டுல உக்காந்துட்டு பொண்ணை ஓட்டச் சொல்றது, முன் சீட்டுல லைசென்ஸே இல்லாத தம்பி உக்காந்திருக்கறது, இதெல்லாம் விதிக்குள்ள வராது. பின் சீட்டுல இருந்து நீங்க எதை எட்டிப் பிடிச்சு வண்டியை நிறுத்துவீங்க?

நேத்து வந்தவர்கிட்ட ஒண்ணொண்ணா கேட்டேன். எல்.எல்.ஆர் இருக்கா, இருக்கு, எடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. நீங்க எங்க உக்காந்திருந்தீங்க, முன் சீட்டுல. எல் போர்டு, ரெண்டு பக்கமும் அளவா ஒட்டியிருக்கு, நானே பாத்தேன். எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணிட்டு, தேவையே இல்லாம ஒரு பொய்யைச் சொல்லி வெச்சிருக்காரு. உண்மையைச் சொல்லியிருந்தா தர வேண்டிய கிளைமை, பொய் சொன்னதுனாலயே மறுக்கறதுக்கு இன்சூரன்ஸ்காரங்க கையில காரணத்தைக் குடுத்தாச்சு.

சேதத்தைப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற சர்வேயரை ஏமாத்திடலாம்னு நினைக்கறீங்களே, அவங்க தினமும் எத்தனை வண்டி பாக்கறாங்க தெரியுமா. கீறல் தரையில இருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாப்பாங்க, எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் இழுத்திருக்குன்னு பாப்பாங்க. நின்ன வண்டியை இன்னொரு வண்டி இடிச்சா அதோட பெயிண்ட் ஒட்டியிருக்கும். இதுல ஒட்டியிருந்தது தூண்ல அடிச்ச மஞ்சள் கறுப்பு பெயிண்டும் சிமெண்டுத் தூளும். எனக்கே ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுது, சர்வேயருக்குத் தெரியாதா. போன மாசம் வாங்கின கீறலையும் நேத்து வாங்கின இடியையும் ஒரே கிளைம்ல சேத்துப் போடச் சொல்றவங்களுக்கும் இதேதான் பதில், பழைய கீறல்ல அழுக்கு ஏறியிருக்கும், தகரம் தெரிஞ்ச இடத்துல துரு பிடிச்சிருக்கும், அது வேற தேதின்னு பாத்த உடனே சொல்லிடலாம்.

சரி, பொய் இல்லாம நேர்மையாவே கிளைம் பண்ணினா லாபமான்னு இப்ப பாப்போம், ஏன்னா "இன்சூரன்ஸ் இருக்குல்ல"ங்கற தைரியத்துலதான் பாதிப் பேர் வர்றாங்க. இந்த வண்டியையே எடுத்துக்கறேன். நாலரை வருஷ வண்டி, 1500 சிசிக்குள்ள. பம்பர் 4,000, கதவு டிங்கரிங் 1,500, ரெண்டு பேனல் பெயிண்டிங் 7,000, ஜிஎஸ்டியை விட்டுட்டா மொத்தம் 12,500 ரூபா. சாதாரண பாலிசில பிளாஸ்டிக் சாமானுக்கு பாதிதான் குடுப்பாங்க, அப்ப பம்பர்ல 2,000 உங்க கைக்காசு. பெயிண்டிங்ல நாலுல ஒரு பங்கை மெட்டீரியல்னு வெச்சு அதுல பாதியைக் கழிப்பாங்க, அது 875. கட்டாயக் கழிவு 1,000, இது எல்லாருக்கும் உண்டு, 1500 சிசிக்கு மேல போனா 2,000. ஆக 3,875 நீங்க போடணும், கம்பெனி தர்றது 8,625.

இதுவரைக்கும் நல்லாத்தான் தெரியும். இப்ப நோ கிளைம் போனஸுக்கு வாங்க, கிளைம் போடாத வருஷங்களுக்காக பிரீமியத்துல தர்ற தள்ளுபடி அது. நாலு வருஷம் கிளைம் இல்லாததுனால இவருக்கு இப்ப 45 சதவீதம் ஓடுது, அடுத்த ரினியூவல்ல 50 ஆகியிருக்கும். கிளைம் போட்டா பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45னு திரும்பப் படி ஏறி வரணும். இவரோட சொந்த சேதத்துக்கான பிரீமியம் 9,000ன்னு வெச்சுக்குவோம், முதல் வருஷம் 4,500 போச்சு, ரெண்டாவது வருஷம் 2,700, மூணாவது 2,250, அப்புறம் 1,350, அப்புறம் 450. கூட்டினா 11,250. வருஷா வருஷம் பிரீமியம் இறங்கும், அதனால கொஞ்சம் குறைச்சுக்கிட்டாலும், 8,625 வாங்கறதுக்கு கிட்டத்தட்ட அதே காசையோ அதுக்கு மேலயோ திருப்பிக் குடுக்கறீங்க. தேய்மானம்னு பாதியைக் கழிக்காத ஜீரோ டெப் பாலிசியா இருந்தா 11,500 கிடைக்கும், அப்பவும் வர்றதும் போறதும் கிட்டத்தட்ட சமம்தான். போனஸைக் காப்பாத்தற ஆட்-ஆன், அதாவது தனியா காசு கட்டி சேக்கற கவர், எடுத்திருந்தா மட்டும் கணக்கு மாறும், இருக்கான்னு பேப்பரை எடுத்துப் பாருங்க.

பெரிய இடின்னா கண்ணை மூடிட்டு கிளைம் போடுங்க, அதுக்குத்தான் காசு கட்டறீங்க. ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர்னு உள்ள போயிருந்தா யோசிக்கவே வேண்டாம். ஒரு பம்பர் ஒரு கதவுக்கு எஸ்டிமேட் வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு போனை எடுங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

இன்னொண்ணு, கத்துக்கற வண்டில நிஜமா காசு தின்னறது கீறல் இல்ல. கிளட்ச். ஹாஃப் கிளட்ச்லயே கால வெச்சு மேட்டுல நிக்கறது, ரேஸை ஏத்திக்கிட்டே கிளட்சை விடாம இருக்கறது, ரெண்டு வாரத்துல பிளேட் கருகிடும், கருகின வாடையே வரும். அது தேய்மானம், எந்த இன்சூரன்ஸும் தராது. வாடை வந்தா ஓரமா நிறுத்தி கால் மணி நேரம் ஆற விடுங்க. பிளாட்ஃபார்ம்ல ஏத்தி டயர் பக்கவாட்டுல கொப்புளம் மாதிரி வீங்கினா அந்த டயரைத் தூக்கிப் போட்டுடணும், டயர் மட்டும் போச்சுன்னா அதுக்கும் கிளைம் கிடையாது.

அப்புறம் ஆயில் சேம்பர், இன்ஜினுக்கு அடியில எண்ணெய் தேங்கி நிக்கற தொட்டி. ஸ்பீட் பிரேக்கர்லயோ கல்லுலயோ அடில "டங்"னு ஒரு சத்தம் வந்தா தயவுசெஞ்சு வண்டியை நிறுத்தி இறங்கி கீழ பாருங்க. எண்ணெய் சொட்டுச்சுன்னா சாவியைக் கழட்டிட்டு டோ பண்ணச் சொல்லுங்க. சொட்டலைன்னாலும் ஆயில் லைட் மின்னிச்சுன்னா ஓட்டாதீங்க, சேம்பர் உள்ள நசுங்கி ஆயில் உறிஞ்சற குழாயை அடைச்சிருக்கும். சேம்பர் மாத்தறது சில ஆயிரத்துல முடியற வேலை. வீடு பக்கம்தானேன்னு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து இன்ஜின் பிடிச்சுக்கிட்டா அது லட்சத்துப் பக்கம் போகும், அடிபட்டதுக்கு அப்புறமும் நீங்களா ஓட்டினதுனால வந்த சேதம்னு சொல்லி அதைத் தரவும் மாட்டாங்க.

கீறலுக்கு உடனே பெயிண்ட் அடிக்க வராதீங்க. நானே பெயிண்ட் கடைக்காரன், நானே சொல்றேன். நகத்தை குறுக்கால இழுத்துப் பாருங்க, மாட்டலைன்னா பாலிஷ்லயே போயிடும். மாட்டினா, கத்து முடிக்கற வரைக்கும் அப்படியே விட்டுடுங்க, எப்படியும் இன்னொண்ணு விழும், எல்லாத்தையும் சேத்து ஒரே வாட்டி பாத்துக்கலாம். தகரம் பளிச்சுனு தெரிஞ்சா மட்டும் துரு ஏறாம டச்-அப் வெச்சுடணும். உடைஞ்ச லைட்டு, கண்ணாடியை அன்னைக்கே மாத்துங்க, அதைத் தள்ளிப் போடாதீங்க.

என் கடைக்கு வர்ற கத்துக்குட்டி வண்டிகள் பெரும்பாலும் ரோட்டுல இடிச்சதே கிடையாதுங்க. லேஅவுட் ரோட்டுல ஒரு மணி நேரம் அழகா ஓட்டிட்டு வந்து, வீட்டு கேட்டுல இடிக்கறாங்க. சொல்லிக்குடுக்கறவரு அதுக்குள்ள சீட் பெல்ட்டைக் கழட்டிட்டு போனைப் பாத்துட்டு இருப்பாரு. முதல் மாசம் கேட்டுக்குள்ள ஏத்தறதையும் பார்க்கிங்ல விடறதையும் லைசென்ஸ் இருக்கறவங்களே பண்ணுங்க. அதுக்கு அப்புறம் கேட் பழகணும்னா காலி லேஅவுட்ல ரெண்டு பெயிண்ட் வாளியை உங்க கேட் அகலத்துக்கு வெச்சு, அதுல ஆளுயரக் குச்சியை நட்டு அங்க பழக்குங்க, குச்சி விழுந்தா காசு போகாது. முதல் பத்துப் பதினஞ்சு கிளாஸ் டிரைவிங் ஸ்கூல்லயே போகட்டும், அவங்க வண்டில பக்கத்து சீட்டுக்கும் பிரேக் இருக்கு. உங்க வண்டில உங்களுக்கு இருக்கறது ஹேண்ட் பிரேக் மட்டும்தான், அதனால கை அதுமேலயே இருக்கணும். பட்டன் மாடல் பார்க்கிங் பிரேக்கா இருந்தா, ஓடற வண்டில அது எப்படி வேலை செய்யும்னு மேனுவலைப் படிச்சுட்டு உக்காருங்க. திட்டாதீங்க. பக்கத்துல இருந்து "ஏய்"னு கத்தினா பிரேக்குக்கு போற கால் ரேஸுக்குப் போயிடுது, சுவத்துல ஏத்தின வண்டி பல இப்படித்தான் வந்திருக்கு.

பதினேழு வயசுப் பையன் கையில சாவி குடுக்கற அப்பாக்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். காருக்கு 18 ஆகணும், அதுக்கு முன்னாடி எல்.எல்.ஆரே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் 199ஏ பிரிவுல பெத்தவங்களுக்கோ ஓனருக்கோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் எல்.எல்.ஆர் எடுக்க முடியாது. "லேஅவுட்குள்ளதானே"ன்னு என்கிட்ட சொல்லாதீங்க.

கெஞ்சிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. யாராவது கத்துக்கற வண்டி காம்பவுண்டுல நகர்றப்போ வீட்டுக் குழந்தைங்களை உள்ள தூக்கிட்டுப் போய் கதவைச் சாத்துங்க. ரிவர்ஸ் கேமரா இருக்குன்னு நம்பாதீங்க, ஒருத்தர் வெளிய நின்னு பாத்துச் சொல்லணும். பம்பரை நான் எத்தனை வாட்டி வேணும்னாலும் சரி பண்ணித் தர்றேன்.

நேத்து வந்தவரு நைட்டே போன் பண்ணி கிளைமை வாபஸ் வாங்கிட்டேன்னாரு. பம்பரை மாத்தாம, ஒடைஞ்ச லாக்கை பிளாஸ்டிக் வெல்டிங் வெச்சு, பள்ளத்தை மட்டும் எடுத்து டச்-அப் பண்ணித் தர்றேன், 3,500 ரூபா ஆகும், பெயிண்டிங் அவங்க லைசென்ஸ் எடுத்தப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு வண்டி எடுக்க அவங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னேன், ஹேண்ட் பிரேக்கை பக்கத்து சீட்டுல இருந்து எப்படி இழுக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் காட்டிட்டு அனுப்பணும்.